மேஜர் அப்கிரேடில் ஏபிஐ மாற்றங்களை எப்படி எழுதினால் அட்மின்களுக்கு உண்மையிலேயே பயன்படும்?

நிரல்வண்டி:

வணக்கம். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஆவணச் சேமிப்பு மென்பொருள் ஒன்றுக்கு 3.0 வெளியீட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2.9-இலிருந்து வருபவர்களுக்கு ஏபிஐயில் (பிற நிரல்கள் இந்த மென்பொருளோடு பேசும் வழி) ஆறு இடத்தில் உடையும்:

1. ஆவண ஐடி இதுவரை எண்ணாக வந்தது, இனி சரம். பழைய 1042 என்பது மேற்கோள் குறிக்குள் "1042" என்று வரும். புதிதாக ஏற்றும் ஆவணங்களுக்கு 26 எழுத்து யூலிட் (எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம்).
2. பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 100 ஆவணம் வந்தது, இனி 25. பக்க எண்ணுக்குப் பதில் கர்சர் (அடுத்த பகுதி எங்கே தொடங்குகிறது என்ற குறி).
3. நேரம் யூனிக்ஸ் வினாடியாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் எண்) வந்தது, இனி ஐஎஸ்ஓ 8601 தேதிச் சரம், யூடிசி.
4. டோக்கனை (ஏபிஐக்கான அனுமதிச் சாவி) யூஆர்எல்லில் சேர்த்து அனுப்ப முடியாது, ஆத்தரைசேஷன் ஹெட்டரில் மட்டும்.
5. வி1 பாதை முழுவதும் நீக்கம். மேலே உள்ள முதல் மூன்று மாற்றங்கள் வி2-வில்.
6. இல்லாத ஆவணத்தை அழிக்கச் சொன்னால் 200 (வெற்றி) வந்தது, இனி 404 (கிடைக்கவில்லை).

இப்போது இவை சேஞ்ச்லாகில் கமிட் வரிசைப்படி, நாற்பது வரிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. சர்வரை அப்கிரேட் செய்பவர் ஒருவர், அந்த ஏபிஐயை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர் வேறொருவர். இருவருக்கும் சேர்த்து எப்படி எழுதுவது? எந்த வரிசையில்? ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு விவரம் போதும்?

பதிவேடு:

முதலில் இந்த ஆறையும் முக்கியத்துவப்படி அடுக்காதீர்கள். சத்தம் போட்டு உடைவது எது, சத்தமில்லாமல் உடைவது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். 4, 5 இரண்டும் சத்தம் போடும். 401 (அனுமதி இல்லை) வரும், 404 வரும், அன்று மாலைக்குள் யாராவது வந்து கேட்பார்கள். அவற்றுக்கு மூன்று வரி போதும். 1, 2, 3 அப்படி அல்ல. அங்கேதான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

பக்க அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஆவணம் இருக்கும் ஒரு அலுவலகத்தில் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியவர் அடுத்த பக்கம் கேட்கும் லூப் எழுதியிருக்கவே மாட்டார். ஒரே பக்கத்தில் எல்லாம் வந்துவிடுகிறதே, எதற்கு எழுதுவார்? 3.0-க்குப் பிறகு அதே ஸ்கிரிப்ட் 25 ஆவணத்தை எடுத்துவிட்டு வெற்றி என்று முடியும். 200 ஓகே, எக்ஸிட் கோடு 0. மீதி 55 ஆவணம் பேக்கப்பில் இல்லை என்பது ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியும்.

இந்த வகைக்கு நல்ல உதாரணம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் 7.0, 2019 ஏப்ரல். அதுவரை தேடல் பதிலில் ஹிட்ஸ் டோட்டல் என்பது வெறும் எண். 7.0-இல் அது வேல்யூ, ரிலேஷன் என்ற இரண்டு புலம் கொண்ட ஆப்ஜெக்ட் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட்டில் டோட்டல் 0-ஐ விடப் பெரியதா என்று சோதித்த கோடு எர்ரர் தராது. ஆப்ஜெக்ட்டை எண்ணோடு ஒப்பிட்டால் ஃபால்ஸ் வரும், திரையில் "முடிவுகள் இல்லை" என்று காட்டும். அத்தோடு மொத்த எண்ணிக்கையை 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும் என்பதும் டீஃபால்ட் ஆனது. ஆப்ஜெக்ட்டுக்காகக் கோடைத் திருத்தியவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் அவர்கள் அறிக்கையில் எண்ணிக்கை 10,000-இலேயே நிற்கும். ஒரே புலத்தில் இரண்டு மாற்றம் என்றால் இரண்டு தனிப் பதிவாக எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். உங்கள் இரண்டாவது வரியிலும் அப்படித்தான், 100-லிருந்து 25 ஆவது ஒன்று, கர்சர் இன்னொன்று. பிரியுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் நான் கேட்கும் கேள்விகள்: என்ன வந்தது, என்ன வரும்? யாருக்கு உடையும், உடைந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நான் பாதிக்கப்படுகிறேனா என்று 2.9-இல் இருக்கும்போதே எப்படிப் பார்ப்பது? என்ன திருத்த வேண்டும்? திருத்திய கோடு 2.9-இலும் ஓடுமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடும் என்றால் ஸ்கிரிப்ட் எழுதியவர் நிதானமாக ஒரு வாரம் முன்னதாகவே மாற்றிவிடலாம். ஓடாது என்றால் அட்மினும் அவரும் ஒரே இரவில் உட்கார வேண்டும். திட்டமே மாறிவிடுகிறது.

ஐடி மாற்றத்தை மொழிவாரியாக எழுதுங்கள். கோ மொழியில் எண் என்று அறிவித்த புலத்துக்குச் சரம் வந்தால் பெரும்பாலும் ஜேசன் டீகோடிங்கிலேயே விழும், அது நல்லது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மூன்று சமக்குறி ஒப்பீடு பொய்யாகும். பைத்தானில் 1042 என்ற சாவியும் "1042" என்ற சாவியும் ஒன்றல்ல, டிக்ஷனரியில் தேடினால் கிடைக்காது, "புதிய ஆவணம்" என்று நினைத்து மறுபடி இறக்கும். வரிசைப்படுத்தினால் "10" என்பது "9"-க்கு முன்னால் நிற்கும்.

அதைவிட ஒன்று. பழைய ஆவணங்களின் ஐடி சரமானாலும் உள்ளே எண்தான் இருக்கிறது. ஆகவே அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும் ஸ்கிரிப்ட் அப்கிரேட் முடிந்த உடனே நடக்கும் சோதனையில் தேறிவிடும். முதல் புதிய ஆவணம் ஏறும்போதுதான் யூலிட் வந்து அது விழும். "அப்கிரேடுக்குப் பின் ஒரு புதிய ஆவணம் ஏற்றி, அதை வைத்துச் சோதியுங்கள், பழையதை வைத்து அல்ல" என்ற வரி கட்டாயம் வேண்டும்.

வி1-க்கு 404 தராமல் 410 தாருங்கள், பதிலின் உள்ளே குறிப்பின் யூஆர்எல்லையும் சேருங்கள்.

இரவுப்பணி:

அப்கிரேட் செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பதிவேடு சொன்னதில் "நான் பாதிக்கப்படுகிறேனா" என்பதுதான் உயிர். அதை "உங்கள் கிளையண்டுகளைச் சரிபாருங்கள்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். எந்த ஃபைலில் எதைத் தேட வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் 4, 5 இரண்டையும் ஆக்சஸ் லாகிலேயே (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவு) கண்டுபிடித்துவிடலாம். வி1 பாதை உள்ள வரிகள், யூஆர்எல்லில் டோக்கன் உள்ள வரிகள், இரண்டையும் கிரெப் செய்து (தேடியெடுத்து) யூசர் ஏஜென்ட் (கேட்கும் நிரலின் பெயர்) வாரியாக எண்ணினால் யார் யார் பழைய வழியில் வருகிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் டீஃபால்ட் கம்பைண்ட் வடிவத்திலேயே யூசர் ஏஜென்ட் இருக்கிறது. முன்னால் ப்ராக்ஸி இருந்தால் ஐபி முகவரி எல்லாம் ப்ராக்ஸியுடையதாகவே தெரியும், அதையும் ஒரு வரி எச்சரியுங்கள்.

எத்தனை நாள் லாக் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். டெபியன், உபுண்டு தொகுப்பில் என்ஜின்எக்ஸ் லாக் தினமும் சுழன்று 14 ஃபைல்தான் நிற்கும். மாதக் கடைசியில் ஓடும் கணக்கு ஸ்கிரிப்ட் அதில் தெரியவே தெரியாது. "அப்கிரேடுக்கு 35 நாள் முன்பே லாக் சுழற்சியை 40 ஆக்குங்கள், பிறகு எண்ணுங்கள்" என்று எழுதினால் பிழைப்பார்கள்.

இன்னொன்று, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. யூஆர்எல்லில் வந்த டோக்கன்கள் எல்லாம் அந்த லாக் ஃபைல்களில் அப்படியே கிடக்கின்றன, பேக்கப் ஆன லாகிலும் கூட. ஹெட்டருக்கு மாற்றினால் மட்டும் போதாது, பழைய டோக்கனை ரத்து செய்து புதிது எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் இது விடுபட்டிருக்கிறது.

பக்க அளவு, நேரம் ஆகிய மாற்றங்களை லாகில் பார்க்க முடியாது, ஏனென்றால் கோரிக்கையில் வித்தியாசமே இல்லை, பதிலைக் கிளையண்ட் எப்படி வாசிக்கிறது என்பதில்தான் சிக்கல். அதை ஒளிக்காமல் எழுதுங்கள்: "இதை சர்வரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, ஸ்கிரிப்ட் எழுதியவர் கோடைத்தான் பார்க்க வேண்டும்" என்று. எனக்கு அந்த ஒரு வரி கிடைத்தால் யாருக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். நீங்கள் கேட்ட இரண்டு வாசகர் பிரச்சினைக்கும் இதுதான் வழி. பக்கத்தை இரண்டாக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவின் தலையிலும் "அட்மின் செய்ய வேண்டியது", "ஸ்கிரிப்ட் எழுதியவர் செய்ய வேண்டியது" என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவதை நான் வெட்டி அப்படியே அனுப்பிவிடுவேன்.

ஏபிஐ என்ற சொல்லையும் கொஞ்சம் அகலமாகப் பாருங்கள். 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் 314 நிமிடம் முடங்கியது. பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் மென்பொருள் 1.23-இலிருந்து 1.24-க்குப் போனபோது, நோடுகளில் (அதன் கீழ் உள்ள சர்வர்கள்) இருந்த மாஸ்டர் என்ற லேபிள் நீங்கி கண்ட்ரோல் ப்ளேன் என்ற லேபிள் மட்டும் நின்றது. அவர்களுடைய நெட்வொர்க் ரவுட் ரிஃப்ளெக்டர்கள் (நோடுகளுக்கு வழித் தகவலைப் பகிர்பவை) பழைய லேபிளைப் பிடித்தே நோடைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. லேபிள் போனதும் தேர்ந்தெடுக்க நோடே இல்லை. லேபிள் மாறப்போகிறது என்பது 1.20 காலத்திலிருந்தே அறிவிக்கப்பட்டதுதான். லேபிள் பெயர், மெட்ரிக் பெயர், லாக் வரியின் வடிவம், ஃபைல் பாதை, கான்ஃபிக் டீஃபால்ட் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஏபிஐ போலவே நம்பியிருப்பார். 3.0-இல் இவற்றில் ஏதாவது மாறியிருந்தால் அதே பக்கத்தில் சேருங்கள்.

எந்தப் பதிப்பிலிருந்து வருகிறார்கள் என்பதும் வேண்டும். எல்லாரும் 2.9-இல் இருக்க மாட்டார்கள். 2.4-இலிருந்து நேராக 3.0 போகலாமா, 2.9-இல் நின்று மைக்ரேஷன் ஓட்டிவிட்டுப் போக வேண்டுமா? எலாஸ்டிக்சர்ச் 6-இலிருந்து 8-க்கு நேராகத் தாவ முடியாது, 7.17-இல் நின்றுதான் போக வேண்டும். கோடு சேமிக்கும் கிட்லாபுக்கும் இப்படிக் கட்டாய நிறுத்தங்கள் உண்டு. பேருந்துப் பலகை மாதிரி ஒரே வரியில் மேலே எழுதிவிடுங்கள்.

கூர்முனை:

410 பற்றி பதிவேடுடன் எனக்கு உடன்பாடு இல்லை. பொதுவான ஏபிஐக்கு அது சரி. இது ஆவணச் சேமிப்பு. ஒத்திசைவு ஸ்கிரிப்ட் ஒன்று ஆவண யூஆர்எல்லைக் கேட்டு 404-ஓ 410-ஓ வந்தால் "மூலத்தில் அழித்துவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு உள்ளூர் பிரதியையும் அழிக்கும். 410 என்றால் நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள், இன்னும் மோசம். வி1 கோரிக்கை எதுவாக இருந்தாலும் 400 (தவறான கோரிக்கை) கொடுங்கள், உள்ளே "ஏபிஐ பதிப்பு நீக்கப்பட்டது" என்பதற்கு ஒரு மாறாத பிழைக் குறியீடும் குறிப்பின் யூஆர்எல்லும் வையுங்கள். 503 (தற்காலிகமாக இயங்கவில்லை) வேண்டாம், கிளையண்டுகள் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருக்கும்.

வி1-ஐ வி2-க்கு 301 (இடம் மாறிவிட்டது) போட்டுத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். 301 வந்தால் போஸ்ட்டை (அனுப்பும் கோரிக்கை) கெட்டாக (வாசிக்கும் கோரிக்கை) மாற்றிக்கொள்ள கிளையண்டுக்கு அனுமதி உண்டு, பல கிளையண்டுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆவணம் ஏற்றும் கோரிக்கை பட்டியல் கேட்கும் கோரிக்கையாகி, 200 வந்து, ஏறியது என்று நினைத்துக்கொள்வார்கள். 308 என்ற திருப்புதல் மெதடை (கோரிக்கை வகையை) மாற்றாது, ஆனால் பதில் வடிவமே வேறாக இருக்கும்போது திருப்பிவிட்டு என்ன பயன்?

மூன்றாவது மாற்றத்தில் எல்லாரும் நினைப்பதைவிட ஆபத்து அதிகம். பைத்தானில் ஐஎஸ்ஓ சரத்தை இன்ட் ஆக்கினால் வேல்யூ எர்ரர், ஸ்கிரிப்ட் நிற்கும், நல்லது. பிஎச்பியில் "2025-03-01" என்று தொடங்கும் சரத்தை இன்ட்டாக காஸ்ட் செய்தால் 2025 கிடைக்கும், எச்சரிக்கைகூட வராது. வினாடியாக வாசித்தால் அது 1970 ஜனவரி 1, 00:33:45 யூடிசி. "ஏழு வருடத்துக்கு மேல் பழைய ஆவணங்களை அழி" என்ற ஸ்கிரிப்ட் அங்கே இருந்தால் எல்லா ஆவணமும் அதன் கண்ணுக்குப் பழையதுதான்.

ஆகவே என் முதல் யோசனை, எழுதுவதற்கு முன் மாற்றத்தையே குறையுங்கள். ஒரே வி2 பாதையில் புலத்தின் பொருளை ஏன் மாற்ற வேண்டும்? வி3 பாதை திறந்து 2, 3 இரண்டையும் அங்கே வையுங்கள், வி2 இந்த 3.x தொடர் முழுவதும் பழைய வடிவிலேயே பதில் சொல்லட்டும். பிறகு வி2-ஐ நீக்கும் நாளில் அது சத்தம் போட்டு உடையும். பாதை மாறினாலும் மாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்பதற்கு குபெர்நெட்டிஸே சாட்சி. பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர் குழு) ஒரே நேரத்தில் எத்தனை நிற்கலாம் என்று வரம்பு வைக்கும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டில், காலியான செலக்டர் (பாட்களைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை) வி1பீட்டா1-இல் எந்தப் பாட்-ஐயும் பிடிக்காது. பாலிசி வி1-இல் அதே காலி செலக்டர் அந்த நேம்ஸ்பேஸில் (பிரிவில்) உள்ள எல்லாப் பாட்-ஐயும் பிடிக்கும். 1.25-இல் பழையது நீக்கப்பட்டபோது பதிப்பு வரியை மட்டும் மாற்றி அப்ளை செய்தால் பிழையே வராது, பொருள் தலைகீழாகிவிடும். வழிகாட்டியில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 2.10 என்று ஒரு பாலம் விடுங்கள். பழையது, புதியது இரண்டையும் ஏற்கட்டும். பழையது வந்தால் டெப்ரிகேஷன் (கைவிடப்படுகிறது) ஹெட்டர், இணையத் தரநிலை ஆர்எஃப்சி 9745. நீக்கும் தேதிக்கு சன்செட் ஹெட்டர், ஆர்எஃப்சி 8594. ஆனால் ஹெட்டரை மனிதர்கள் பார்ப்பதில்லை. டோக்கன் வாரியாக "இந்த டோக்கன் கடந்த 35 நாளில் பழைய பாதையை இத்தனை முறை அழைத்தது" என்று அட்மின் பக்கத்தில் ஒரு அட்டவணை காட்டுங்கள். குபெர்நெட்டிஸ் 1.19 முதல் காலாவதியாகப்போகும் ஏபிஐ அழைப்புக்குக் குபெக்டில் என்ற கட்டளைக் கருவியின் திரையிலேயே எச்சரிக்கை காட்டுகிறது, தனி மெட்ரிக்கும் தருகிறது. அது இருந்தால் இரவுப்பணி சொன்ன கிரெப் வேலையே தேவையில்லை.

கான்ஃபிக் மாற்றம் ஏதாவது இருந்தால் போஸ்ட்கிரெஸ் 12 டேட்டாபேஸ் செய்ததைச் செய்யுங்கள். ரெக்கவரி கான்ஃப் ஃபைலை அந்தப் பதிப்பு கைவிட்டது, டேட்டா டைரக்டரியில் அது கிடந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. குறிப்பைப் படிக்காதவரும் தப்ப முடியாது.

நிரல்வண்டி:

எல்லாருக்கும் நன்றி. பக்க அளவும் நேரமும் வி3-க்குப் போகின்றன, வி2 3.x முழுவதும் இருக்கும். 2.10 பாலமும் சரி. ஐடியை மட்டும் தவிர்க்க முடியாது, டேட்டாபேஸிலேயே நெடுவரிசை மாறுகிறது, யூலிட்டை எண்ணாகத் திருப்பித் தர வழியில்லை. அதற்கு நான் எழுதிய வரைவு:

"ஏபிஐ மேம்பாடு: ஆவண ஐடிகள் இப்போது சரங்கள். சில கிளையண்டுகளில் சிறு மாற்றங்கள் தேவைப்படலாம். மேலும் விவரங்களுக்கு ஏபிஐ ஆவணத்தைப் பார்க்கவும்."

ஆறாவதை இன்னும் தொடவில்லை.

பதிவேடு:

400 பற்றி கூர்முனை சொன்னது சரி, 410-ஐ விட்டுவிடுகிறேன்.

வரைவில் "மேம்பாடு" என்ற சொல்லை எடுங்கள், தேடுபவர் அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடுவார். "சில", "சிறு", "படலாம்" மூன்றும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. நான் எழுதினால்:

"ஐடி-01. ஆவண ஐடி எண்ணிலிருந்து சரமாகிறது. வி2-விலும் வி3-லும்.

2.9-இல் 1042, 3.0-இல் "1042". 3.0-க்குப் பின் ஏற்றும் ஆவணங்களுக்கு 26 எழுத்து யூலிட்.

யாருக்கு: ஐடியை எண்ணாகச் சேமிக்கும், ஒப்பிடும், வரிசைப்படுத்தும் எந்த ஸ்கிரிப்ட்டும். பிழை வராமலே தவறாக ஓடலாம்.

அட்மின்: இதை லாகில் காண முடியாது. டோக்கன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு உரிமையாளருக்கும் கீழே உள்ள பகுதியை அனுப்புங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதியவர்: உங்கள் டேட்டாபேஸ் நெடுவரிசையைக் குறைந்தது 26 எழுத்துள்ள சரமாக்குங்கள். ஐடி எந்த வகையில் வந்தாலும் வாங்கிய உடனே சரமாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் திருத்தம் 2.9-இலும் ஓடும், அப்கிரேடுக்கு முன்பே செய்துவிடலாம். ஐடி வரிசையை ஏற்றிய வரிசையாக நம்பாதீர்கள், உருவான நேரம் என்ற புலத்தைப் பயன்படுத்துங்கள்.

சரிபார்க்க: 3.0-இல் ஒரு புதிய ஆவணம் ஏற்றி, அதை உங்கள் ஸ்கிரிப்ட் எடுக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆவணத்தை வைத்துச் செய்த சோதனை செல்லாது."

தலையில் உள்ள ஐடி-01 என்ற எண்ணை எப்போதும் மாற்றாதீர்கள். பிழைச் செய்தியிலும் யூஆர்எல்லிலும் அதுதான் இருக்கும். பதிவுகளை மறுவரிசைப்படுத்தினாலும் இணைப்பு உடையக் கூடாது.

ஆறாவதுக்கு இரண்டு வரி: யூஆர்எல்லைக் கேட்கும் கர்ல் கட்டளையை ஃபெயில் விருப்பத்தோடு பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்டில் 404 வந்தால் எக்ஸிட் கோடு 22, பாஷில் செட் ஈ (பிழை வந்தால் நிறுத்தும் அமைப்பு) இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரவில் ஓடும் சுத்தம் செய்யும் வேலை முதல் இல்லாத ஆவணத்தோடு நின்று, மீதியெல்லாம் அழியாமல் கிடக்கும். அழிக்கும் கட்டளைக்கு மட்டும் 404-ஐ வெற்றியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ஐடி-01-இல் ஒன்று குறைகிறது: பின்னால் வருவது. யூலிட் ஐடியோடு ஒரு ஆவணம் ஏறிவிட்டால் அந்த டேட்டாபேஸை 2.9-ஆல் வாசிக்க முடியாது. அதாவது திரும்பிப் போகும் கதவு முதல் புதிய ஆவணத்தோடு மூடிவிடுகிறது. பேக்கப்பிலிருந்து 2.9-க்குத் திரும்பினாலும் இடையில் ஏறியவை தொலையும். ஆனால் சரிபார்க்க முதல் வேலையாக ஒரு ஆவணம் ஏற்றச் சொல்கிறீர்கள்.

ஆகவே சோதனையை நேரடி சர்வரில் செய்யச் சொல்லாதீர்கள். இப்படி மாற்றுங்கள்: "2.9 பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, அங்கே 3.0 ஏற்றி, புதிய ஆவணம் ஏற்றிச் சோதியுங்கள். நேரடி சர்வரில் 3.0 ஏறியதும் ரீட் ஒன்லியில் வைத்து, பழைய ஆவணங்களின் பட்டியலும் இறக்கமும் சரியா என்று பாருங்கள். திரும்ப வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் திரும்புங்கள், 2.9-ஐயும் பேக்கப்பையும் வைத்தால் எதுவும் தொலையாது. ரீட் ஒன்லியை நீக்கி முதல் ஆவணம் ஏறிய பின் 2.9-க்குத் திரும்பினால் அதற்குப் பின் ஏறியவை அனைத்தும் போகும்."

சோதனை மெஷினில் வெளியே மெயில் அனுப்பும் அமைப்பையும் வெப்ஹூக்கையும் (வேறு சர்வருக்குத் தானாகத் தகவல் அனுப்புவது) நிறுத்திவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். பேக்கப்பில் அவற்றின் முகவரிகளும் கூடவே வந்துவிடும்.

நிரல்வண்டி:

இரண்டையும் அப்படியே சேர்த்துவிட்டேன். சோதனை மெஷின் பகுதியை ஐடி-01-க்குள் வைக்காமல், பக்கத்தின் மேலே, எந்தப் பதிப்பிலிருந்து வரலாம் என்ற வரிக்கு அடுத்ததாக வைத்திருக்கிறேன். டோக்கனை ரத்து செய்யும் படி நான்காவது மாற்றத்தின் அட்மின் பகுதியில் முதல் வரியாக இருக்கிறது. 2.10-இல் டோக்கன் வாரி அட்டவணை தயாரானதும் லாகில் கிரெப் செய்யும் பகுதியை அதற்கு மாற்றிவிடுவேன். 2.9-இல் இருந்தே நேராக வருபவர்களுக்காக கிரெப் படியும் அடியில் நிற்கும்.